மகிமைக்கு எத்தனை கிலோ?

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நிகழ்ச்சியில் நான்கு கிறிஸ்துவப் பாடல்களை அடுத்தடுத்து ஒலியேற்றினேன். ஒவ்வொரு பாடலுக்கு முன்பும் 'மகிமை' என்ற சொல்லை எங்காவது செருகிவிட்டேன். அறிவிப்பாளர்களுக்கு இப்படிச் சில சொற்கள் உண்டு. பேச விஷயம் தீர்ந்துபோகும் இடத்தில் கைகொடுக்கும். நான்காவது பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது, கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்.

"தம்பி, நான் இந்துதான். பாட்டெல்லாம் நல்லா இருக்கு. ஆனா மகிமை மகிமைன்னு ஏழெட்டுத் தடவ சொல்லிட்டீங்க. அப்படின்னா என்னன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

நான் சொல்லவில்லை. போக்குவரத்துச் செய்தியை வாசித்தேன்.

உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. சிறு வயதிலிருந்து அந்தச் சொல்லோடு வளர்ந்தவன் நான். அப்பா மெதடிஸ்ட் சபை, அம்மா கத்தோலிக்கர். அப்பாவின் பைபிளில் 'மகிமை' என்று இருப்பது அம்மாவின் பைபிளில் 'மாட்சி' என்று இருக்கும். இரண்டும் வெவ்வேறு சங்கதி என்றுதான் பத்து வயது வரை நினைத்தேன். பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்தது. அந்த ஒன்று எது என்பது மட்டும் புரியவில்லை.

அப்பா வாசிப்பது 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714, 1715 ஆண்டுகளில் அச்சேற்றிய புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கிய ஒரு நீண்ட வரிசையில் வந்தது. வடமொழிச் சொற்கள் தாராளமாக இருக்கும். அம்மா வாசிப்பது 1995இல் வந்த திருவிவிலியம். அது தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடி எடுத்தது. 'மாட்சி' நமக்கு அந்நியமான சொல் அல்ல. திருக்குறளின் 39ஆம் அதிகாரத்தின் பெயரே 'இறைமாட்சி'. அங்கே இறை என்றால் அரசன்.

மகிமை என்றாலும் மாட்சி என்றாலும் நம் மனத்தில் முதலில் வருவது வெளிச்சம். தலைக்குப் பின்னால் தங்க வட்டம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் கதிர், தூதர்களின் எக்காளம். இப்போது சில ஆராதனைகளில் புகை இயந்திரமும் பெரிய எல்இடி திரையும் வந்துவிட்டன. குறை சொல்லவில்லை, நானும் ஒலி ஒளியில் பிழைப்பவன்தான். ஆனால் அக்காவின் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்தபோது, முதல் புத்தகத்திலேயே என் எல்இடி திரை அணைந்துபோனது.

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் மகிமைக்கு உள்ள சொல் 'காபோத்'. இன்றைய இஸ்ரேலியர் 'காவோத்' என்று உச்சரிக்கிறார்கள். அதன் வேர்ச்சொல்லுக்கு ஒளியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் பொருள் பாரம், எடை, கனம்.

அந்த ஒரே வேரை வைத்து எபிரேயர்கள் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று பாருங்கள். ஆபிரகாம் கால்நடையிலும் வெள்ளியிலும் பொன்னிலும் 'கனமானவர்', அதாவது பெரிய செல்வந்தர். நாட்டில் பஞ்சம் கொடியதாக இருந்தால் பஞ்சம் 'கனமாக' இருக்கிறது. தனக்குப் பேச்சு சரளமாக வராது என்று கடவுளிடம் முறையிடும் மோசே, தன் வாயும் நாவும் 'கனம்' என்கிறார். (அறிவிப்பாளர் தேர்வில் நிச்சயம் தேறியிருக்க மாட்டார்.) இறங்கிவராத பார்வோனின் நெஞ்சும் 'கனம்'. கல்லீரலுக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். உடலுக்குள் இருக்கும் உறுப்புகளில் எடை கூடியது அதுதானே.

நமக்கும் இது விளங்காத விஷயமில்லை. 'ஆள் வெயிட்டு' என்று கோப்பிக் கடையில் ஒருவரைப் பற்றிப் பேசினால் யாரும் தராசைத் தேட மாட்டார்கள். பழைய படங்களில் வக்கீல் எழுந்து 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்பாரே, அந்தக் கனமும் இதுதான். அவர் இருந்தால் அந்த இடத்தின் நிலை மாறும், அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது என்று பொருள். சித்தர்கள் சொல்லும் எட்டு சித்திகளில் 'மகிமா' என்பது பெரிதாக வளரும் ஆற்றல், 'கரிமா' என்பது அசைக்க முடியாதபடி கனமாகும் ஆற்றல். எபிரேயச் சொல்லுக்கு நெருக்கமானது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தமிழ்க் கிறிஸ்துவம் முதலாவதன் உறவுக்காரச் சொல்லைத் தேர்ந்துகொண்டது.

ஏலியின் எடை

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட ஒரு கதை போதும். சாமுவேலின் முதல் புத்தகத்தில் வருகிறது. ஞாயிறு பள்ளியில் சிறுவன் சாமுவேலை இரவில் கடவுள் கூப்பிட்ட பகுதியைச் சொல்லித் தருவார்கள். அதற்கு அடுத்து வருவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சீலோ என்ற ஊரில் ஏலி என்ற வயதான ஆசாரியர். அவருடைய இரண்டு மகன்கள் ஓப்னியும் பினெகாசும் கோயிலிலேயே அட்டகாசம் செய்கிறவர்கள். மக்கள் கொண்டுவரும் பலியில் நல்ல துண்டுகளைக் கடவுளுக்கு முன்பே எடுத்துக்கொள்வார்கள். ஏலிக்குத் தெரியும். கண்டித்தார், ஆனால் நிறுத்தவில்லை. அப்போது அவருக்கு ஒரு செய்தி வருகிறது: என்னைவிட உன் மகன்களை நீ 'கனப்படுத்தினாய்', பலியின் சிறந்த பாகங்களைத் தின்று கொழுத்தீர்கள். கவனியுங்கள், அதே வேர்ச்சொல்.

பிறகு பெலிஸ்தியரோடு போர். இஸ்ரவேலர் தோற்கிறார்கள். உடன்படிக்கைப் பெட்டி, கடவுளின் இருப்பே குடியிருக்கிறது என்று அவர்கள் நம்பிய பெட்டி, எதிரிகள் கைக்குப் போகிறது. மகன்கள் இருவரும் அதே நாளில் சாகிறார்கள். தொண்ணூற்றெட்டு வயது ஏலி, கண் தெரியாமல், வழியோரத்தில் ஆசனம் போட்டுச் செய்திக்காகக் காத்திருக்கிறார். மகன்கள் இறந்த செய்தியைக் கேட்டும் அப்படியே இருந்தவர், பெட்டி போய்விட்டது என்ற சொல்லைக் கேட்டதும் மல்லாந்து விழுந்து, கழுத்து முறிந்து இறக்கிறார். ஏன் முறிந்தது என்பதற்கு எழுதியவர் ஒரு காரணம் சொல்கிறார்: அவர் முதியவர், உடல் 'கனமானவர்'.

எழுத்தாளர் சும்மா போட்ட விவரமல்ல அது. மகன்களைக் கனப்படுத்தி, கோயில் பண்டத்தில் கனத்துப்போன மனிதர், அந்தக் கனத்தாலேயே விழுகிறார். மூல மொழியில் கேட்டவர்களுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும்.

அதே வீட்டில் பினெகாசின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. செய்தி கேட்டதும் பிரசவ வலி. மகன் பிறந்திருக்கிறான், பயப்படாதே என்று சுற்றியிருந்த பெண்கள் சொல்கிறார்கள். அவள் பதில் பேசவில்லை. குழந்தைக்கு ஒரு பெயரை மட்டும் வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அந்தப் பெயர் இக்கபோத். இ-காபோத். கனம் இல்லை, மகிமை போய்விட்டது. பைபிளிலேயே இவ்வளவு சோகமான பெயரை நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு எப்படி வளர்ந்தானோ?

ஆனால் அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால், பெட்டி பெலிஸ்தியரின் அஸ்தோத் நகரில் இருக்கிறது. தாகோன் தெய்வத்தின் கோயிலில் வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் தாகோன் சிலை முகங்குப்புறக் கிடக்கிறது. மறுநாள் தலையும் கைகளும் உடைந்து கிடக்கின்றன. ஊரெல்லாம் நோய். அங்கே எழுத்தாளர் எழுதும் வாக்கியத்தில், ஆண்டவரின் கை அஸ்தோத் மக்கள்மேல் 'கனமாக' இருந்தது என்று வருகிறது. மீண்டும் அதே சொல்! கனம் போய்விட்டது என்று ஒரு பெண் சொல்லிச் செத்த மறுபக்கத்தில், யாரும் எதிர்பாராத ஊரில் அது இருக்கிறது. ஏழு மாதம் கழித்து, ஆளில்லாத ஒரு மாட்டு வண்டியில் பெட்டி தானாகவே திரும்பி வந்தது.

தங்கமும் இருட்டும்

கடவுளிடம் நேரடியாக, உம் மகிமையைக் காட்டும் என்று கேட்டவர் மோசே. அவர் எப்போது கேட்டார் என்பது முக்கியம். மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து அதைச் சுற்றி ஆடி முடித்த பிறகு. கண்ணைப் பறிக்கும் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது, செய்துகொண்டார்கள். மோசேக்குக் கிடைத்ததோ வேறு. பாறை இடுக்கில் நிறுத்தி, கையால் மூடி, கடந்துபோன பிறகு பின்புறத்தை மட்டும் பார்க்க விடுகிறார் கடவுள். மகிமையைக் கேட்டவருக்கு, என் நன்மை எல்லாவற்றையும் உன் முன்னால் கடந்துபோகச் செய்வேன் என்றுதான் பதில் வருகிறது. கடந்துபோகும்போது காதில் விழுவது இரக்கம், பொறுமை, உண்மை என்ற குணங்களின் வரிசை. பார்க்கக் கேட்டவருக்குக் கேட்கத்தான் கிடைத்தது. வானொலிக்காரனுக்கு இதில் ஒரு ரகசிய மகிழ்ச்சி.

மலையிலிருந்து இறங்கும்போது மோசேயின் முகம் ஒளிவிட்டது என்று எழுதியிருக்கிறது. ஆக ஒளி இல்லாமல் இல்லை. ஆனால் அது அவருக்கே தெரியவில்லையாம். அந்த இடத்து எபிரேய வினைச்சொல் 'கொம்பு' என்ற சொல்லோடு தொடர்புள்ளது. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதைக் கொம்பு என்றே எடுத்துக்கொண்டார். அதன் விளைவை இன்றும் ரோம் நகரின் சான் பியெத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில் பார்க்கலாம். மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசேக்குத் தலையில் இரண்டு கொம்புகள்.

சாலமோன் கோயில் கட்டி முடித்த நாளில் மகிமை இறங்கியபோது, அது மேகமாக வந்தது. உள்ளே நின்று பணிசெய்ய முடியாமல் ஆசாரியர்கள் வெளியேறினார்கள். சாலமோன் அப்போது பேசுவது காரிருளைப் பற்றி. வெளிச்சம் என்ற சொல்லே அங்கு இல்லை.

பிறகு பாபிலோனியர்கள் வந்தார்கள். முதல் நாடுகடத்தல் கி.மு. 597இல் நடந்தது, சுமார் பத்து ஆண்டில் கோயிலும் இடிந்தது. நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர் எசேக்கியேல். கேபார் என்ற ஆற்றங்கரையில், அந்நிய மண்ணில், சக அகதிகள் நடுவே அவர் பார்க்கும் காட்சியில் கடவுளின் சிங்காசனத்துக்குச் சக்கரங்கள் இருக்கின்றன. மகிமை கோயில் வாசற்படிக்கு வந்து, கிழக்கு வாசலில் தயங்கி, நகருக்குக் கிழக்கே உள்ள மலையில் போய் நிற்கிறது. அவசரமே இல்லாமல், மனமில்லாமல் வீட்டைக் காலிசெய்கிறவர் மாதிரி. எஸ்டேட் லயத்திலிருந்து கிளம்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. சாமி படத்தைக் கடைசியாகக் கழற்றி, லாரியில் முதலில் வைத்தவர்கள் அவர்கள்.

கல்யாண வீட்டில்

எடை எப்போது ஒளியானது? கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் எபிரேய நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது, காபோத்துக்கு அவர்கள் போட்ட சொல் 'டொக்ஸா'. அதன் பழைய பொருள் அபிப்பிராயம், பிறர் நம்மைப் பற்றி நினைப்பது. அதிலிருந்து நற்பெயர், புகழ். எடையில் இருந்த சொல் இப்படித் தோற்றத்துக்கும் பேருக்கும் நகர்ந்தது. நாம் இன்று வீடு வாங்கினால், பதவி உயர்ந்தால், 'தேவனுக்கே மகிமை' என்று ஃபேஸ்புக்கில் போடுகிறோம். வேலை போன அன்று யாரும் அப்படிப் பதிவிட்டதை நான் பார்த்ததில்லை.

ஆனால் நற்செய்தியாளர்களில் இந்தச் சொல்லை மிக அதிகம் புழங்குகிற யோவான் அதை நேர் எதிராகத் திருப்புகிறார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் இயேசு மலைமேல் ஒளிமயமாக மாறும் காட்சி உண்டு. யோவானில் அது இல்லை. அவர் இயேசுவின் மகிமை முதலில் வெளிப்பட்டது என்று சொல்லும் இடம், கானாவூர் என்ற கிராமத்தில் ஒரு கல்யாண வீடு. விருந்து நடுவே திராட்சரசம் தீர்ந்துவிட்டது. பந்தியில் சோறு தீர்ந்தால் பெண் வீட்டார் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு லிட்டர் கொள்ளும் ஆறு கற்சாடிகளில் தண்ணீர் ரசமாகிறது. விஷயம் தெரிந்தவர்கள் தண்ணீர் மொண்ட வேலையாட்கள் மட்டும். மாப்பிள்ளைக்குத் தெரியாது. விருந்தை நடத்தியவருக்கும் தெரியாது, அவர் மாப்பிள்ளையைப் பாராட்டிவிட்டுப் போகிறார். வார இறுதிகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் வேலை அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அதே நற்செய்தியில் கடைசி இரவு. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியாயிற்று. யூதாஸ் காட்டிக்கொடுக்க எழுந்து போகிறான். அப்போது இரவாக இருந்தது என்று ஒரு சிறு வாக்கியம். கதவு மூடியதும் இயேசு சொல்வது, இப்போது மனுமகன் மகிமைப்பட்டார் என்ற பொருளில். துரோகம் நடந்த நிமிடத்தில்! யோவானின் அகராதியில் மகிமைப்படுவது என்றால் சிலுவைக்குப் போவது. கிறிஸ்துவரல்லாத நண்பர்கள் இது விசித்திரமாக இருக்கிறதே என்பார்கள். ஆமாம், விசித்திரம்தான். எங்களுக்கே அது பழகிப்போய்விட்டது என்பதுதான் சிக்கல்.

பவுல் கிரேக்கத்தில் எழுதினாலும் எபிரேயம் படித்து வளர்ந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தன் கஷ்டங்களை 'லேசானவை' என்று ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மகிமையின் 'பாரத்தை' வைக்கிறார். தொலைந்த எடை திரும்பிவிட்டது. அப்பாவின் பழைய பைபிளில் அந்த இடத்துக்கு ஓர் அபூர்வமான சொல் போட்டிருக்கிறார்கள்: கனமகிமை. நாற்பது வருடமாக அப்பா அடிக்கோடிட்டு வைத்திருந்தது அந்தச் சொல்லின் கீழ்தான். நான் இந்தக் கட்டுரைக்காகப் புரட்டியபோதுதான் பார்த்தேன். ஏன் என்று அவரிடம் கேட்க முடியவில்லை.

அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் பெரும்பகுதி போய்விட்டது. எண்பத்தொரு கிலோ. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தூக்க வேண்டும். முதுகால் தூக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள், இடுப்புப் பட்டையைப் பிடியுங்கள், மூன்று எண்ணுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். முதல் மாதம் நான் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. காலை நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் ஒரு மூட்டையைப் போலத்தான் அவரைப் புரட்டினேன். ஒரு நாள் அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, இரு என்பதுபோல் நிறுத்தினார். அவ்வளவுதான். கோபம் இல்லை.

பத்துக் கட்டளைகளில் தாய் தகப்பனைப் பற்றிய கட்டளை உண்டு. (அப்பாவின் சபைக் கணக்கில் அது ஐந்தாவது, அம்மாவின் சபையில் நான்காவது. எங்கள் வீட்டில் அதற்கும் சண்டை நடந்திருக்கிறது.) திருவிவிலியம் 'மதித்து நட' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 'கனம்பண்ணு' என்கிறது. சிறுவயதில் அந்தச் சொல் எனக்குச் சிரிப்பாக இருக்கும், யார் இப்படித் தமிழ் பேசுகிறார்கள் என்று. எபிரேயத்தில் அங்கே இருப்பது காபோத்தின் வினைச்சொல். கடவுளின் மகிமைக்கும் நடக்க முடியாத ஒரு தகப்பனுக்கும் ஒரே வேர். சபிப்பதற்கு அவர்களிடம் இருந்த சொல்லின் வேர்ப்பொருள் 'லேசாக்குவது'. பெற்றோரைச் சபிக்கிறவனைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டத்திலும் அந்தச் சொல்தான் வருகிறது. ஆளை லேசாக நினைத்தால் போதும், வசைபாட வேண்டியதில்லை. ஆறரை மணிக்கு அவசரமாகப் புரட்டினாலும் போதும்.

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1941 ஜூனில், போர்க்காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய பிரசங்கத்துக்கு 'மகிமையின் பாரம்' என்றே தலைப்பு. தனக்குக் கிடைக்கப்போகும் மகிமையைப் பற்றி அதிகம் யோசிப்பதைவிட, அடுத்தவருடைய மகிமையின் சுமையைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்வதைப் பற்றி யோசிப்பது நல்லது என்று அதில் சொல்கிறார். பிசியோதெரபிஸ்ட் கேட்டால், முதுகில் வேண்டாம், முழங்காலில் என்பார்.

கிள்ளான் அக்காவுக்குப் போன வாரம்தான் பதில் அனுப்பினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, மகிமை என்றால் மூலமொழியில் கனம் என்று பொருள் அக்கா, வெளிச்சம் பிறகு வந்தது, ஏலி, கானாவூர் கல்யாணம் என்று நான்கு நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு. மறுநாள் காலை பதில் வந்தது.

"நல்லா சொன்னீங்க தம்பி. எங்கம்மாவும் படுத்த படுக்கைதான், ஒம்பது வருசம் ஆச்சு. அன்னிக்கு நாலாவதா ஒரு பாட்டு போட்டீங்களே, அம்மாவுக்குப் புடிச்சிருக்கு. அத மறுபடி எப்ப போடுவீங்க?"